அவ்வையாருக்கு அப்ப 45 நடப்பு

ஆயுதபூஜை முடிஞ்சு ரெண்டு வாரமாச்சுங்க. கேட்டு முன்னாடி பூசணிக்காய் உடைச்ச இடத்துல குங்குமக் கறை இன்னும் போகலை.

என்ற எரிச்சலும் போகலை.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கறவங்களுக்கு ஆயுதபூஜை எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பவர்டேபிளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். கட்டிங் டேபிள் மேல வாழையிலை. அத்தனை பேருக்கும் பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ். (தீபாவளி போனஸ் பெருசா, ஆயுதபூஜைப் பொரி பெருசான்னு கேட்டா நான் பொரின்னுதான் சொல்லுவேன். ஓனரும் இதைப் படிக்கறாரு.) சாமி கும்பிட்டதும் ஸ்பீக்கர் கட்டி ஆட்டம் பாட்டம்.

எங்க செக்கிங் செக்ஷன்ல ஒரு தம்பி. 22 வயசு இருக்கும். மைக்கை வாங்கினான். யாரோ ஒரு பொண்ணோட துப்பட்டாவை எடுத்துத் தலைக்கு முக்காடு போட்டான். துணி ரோல் சுத்தி வருமே, அந்த நீள அட்டைக் குழாய், அதைக் கோலா ஊணினான். முதுகைக் கூனலாக்கிட்டு, குரலை நடுநடுன்னு நடுங்கவிட்டு, திருவிளையாடல் அவ்வையார் பாட்டை எடுத்தான் பாருங்க.

கூட்டமே உருண்டு புரண்டு சிரிச்சுது.

நானும் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன்.

பக்கத்துல நின்ன பொண்ணு கேட்டா, "யாருக்கா அந்தப் பாட்டி?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து இன்னொருத்தி, "பழைய படத்துல கெழவி வேஷத்துக்குன்னே ஒருத்தங்க இருந்தாங்கல்ல, அவங்கதான்"னா.

கிழவி வேஷத்துக்குன்னே ஒருத்தங்க. அப்படியே நெஞ்சுல குத்துச்சுங்க. ஏன்னா, அந்த நிமிஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். கே.பி.சுந்தராம்பாள்னா வெள்ளைச் சேலை, நெத்தி நிறையத் திருநீறு. தொட்டில்ல இருந்து எறங்கும்போதே கோலோட எறங்கின மாதிரி ஒரு நெனப்பு.

இதுவும் அந்த வாரமே நடந்ததுதான். என்ற மக இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கறா. காலேஜ்ல செமினார். கிளெண்டா ஜாக்சன்னு ஒரு இங்கிலாந்து நடிகையைப் பத்திப் பேசணுமாம். ராத்திரி நான் சப்பாத்தி தேய்க்க, அவ பக்கத்துல நின்னு ஒப்பிச்சுப் பார்க்கறா.

"அம்மா, இவங்க கொத்தனார் மக. மருந்துக் கடையில வேலை பார்த்தவங்க. அப்புறம் நாடகம், சினிமா. ரெண்டு ஆஸ்கார். 1971ல பிபிசி டிவியில எலிசபெத் ராணியா நடிக்க முன்னந்தலையவே செரைச்சுக்கிட்டாங்களாம்!"

"ம்."

"நடிப்பை விட்டுட்டு 1992ல எம்.பி. ஆனாங்க. 23 வருஷம் பார்லிமெண்ட்ல இருந்தாங்க. பொறவு 80 வயசுல திரும்ப மேடை ஏறி கிங் லியரா நடிச்சாங்க. ஆம்பளை வேஷம்! 2016ல."

"ம்."

"நம்ம பக்கம் இப்படி யாரும்மா இருக்காங்க? கொத்தனார் மக, ஆம்பளை வேஷம், எம்.பி... எல்லாம் ஒரே ஆளா?"

"அப்படியெல்லாம் யாரு இருக்கா..."ன்னு ஆரம்பிச்சேன்.

ஊஞ்சல்ல உட்கார்ந்து வெத்தலை மென்னுட்டு இருந்தாங்க என்ற அத்தை. (மாமியாருங்க. சொந்த ஊரு வெள்ளகோவில் பக்கம். 80 தாண்டியாச்சு.) அவங்க எங்க ரெண்டு பேரையும் பார்க்கக்கூட இல்லை. "ஏனம்மிணி, கொடுமுடிக்காரியை மறந்துபோட்டியா?"ன்னாங்க.

அதோட சப்பாத்தி கருகிப்போச்சு.

கொடுமுடி எங்கியோ சீமையில இல்லைங்க. திருப்பூர்ல பஸ் ஏறினா காங்கேயம், முத்தூர், கொடுமுடி. ரெண்டு மணி நேரம். எங்க ஊர்ச்சனம் பழனிக்குக் காவடி எடுத்தா முதல்ல கொடுமுடி போய்க் காவேரித் தீர்த்தம் முத்திரிச்சுட்டுத்தான் போகும். நானே அஞ்சாறு தடவை போயிருக்கேன். மகுடேசுவரர் கோயில் வன்னி மரத்தைச் சுத்தியிருக்கேன், ஆத்துல குளிச்சிருக்கேன், திரும்பி வர்றப்ப மொளகா பஜ்ஜி தின்னிருக்கேன். கே.பி.எஸ். பொறந்த ஊர்ல நிக்கறோம்னு ஒரு தடவைகூடத் தோணினதில்லை.

கே-ன்னா கொடுமுடி. பி-ன்னா பாலாம்பாள், அம்மா பேரு. பேர்லயே ஊரும் அம்மாவும் இருக்காங்க. நாமதான் 'கே.பி.எஸ்.'னு சுருக்கி ஏதோ லாரி சர்வீஸ் பேரு மாதிரி ஆக்கிட்டோம்.

அப்புறம் ஒரு வாரமா இதே வேலை. ஷிஃப்ட் முடிச்சு வந்து போனும் கையுமா. (ஒன்றரை ஷிஃப்ட் ஓடினதுக்கு அப்புறம் ஆராய்ச்சி பண்றது லேசு இல்லைங்க. ஒரு நாள் போனை மூஞ்சி மேலயே போட்டுட்டுத் தூங்கிட்டேன்.)

கெடைச்சதைச் சொல்றேன்.

1908ல பொறந்தவங்க. சின்ன வயசுலயே அப்பா இல்லை. வறுமைன்னா அப்படி ஒரு வறுமை. ரயில்ல பாடிட்டுப் போன புள்ளையோட குரலைக் கேட்டு, திருச்சி நாடகக்காரர் எஃப்.ஜி.நடேசையர் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை. இல்லை, கரூர்ல ஒரு போலீஸ் அதிகாரிதான் வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்த்துவிட்டார்னு இன்னொரு கதை. ரெண்டுல எது நெசமோ, கதையில இருக்கற வயிறு ஒண்ணுதான். காலி வயிறு.

முதல் வேஷம் என்ன தெரியுங்களா? 'நல்லதங்காள்' நாடகத்துல நல்லதங்காளோட மூத்த பையன். பசிக்குதுன்னு அழுது பாடற பையன்.

பசியில பாடிட்டு இருந்த பொம்பளைப் புள்ளையை மேடையேத்தி, பசியில பாடற ஆம்பளைப் புள்ளை ஆக்கிட்டாங்க. நடிப்புச் சொல்லிக் குடுக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அப்புறம் 'ஸ்பெஷல் நாடகம்'. இதை எப்படிச் சொன்னாப் புரியும்னு ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். கடைசியில நம்ம ஊர் பாஷையிலதான் விடை கெடைச்சுது.

ஸ்பெஷல் நாடகம்னா ஜாப் ஒர்க் நாடகம்ங்க!

நம்மகிட்ட நிட்டிங் ஒரு பக்கம், டையிங் ஒரு பக்கம், பிரிண்டிங் இன்னொரு பக்கம், தையல் வேற பக்கம். ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது. ஆனா ஷிப்மெண்ட் அன்னிக்கு பனியன் முழுசா வந்து நிக்கும். அதே கணக்குத்தான். ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர்ல இருந்து, ஆர்மோனியக்காரர் வேற ஊர். தனித்தனியாப் பேசி முன்பணம் குடுத்துக் கூட்டிட்டு வருவாங்க. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்க எல்லாருக்கும் மனப்பாடம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன்னு பேர் சொன்னாப் போதும், மேடையில ஏறி விடிய விடிய நடத்திடுவாங்க. ஒத்திகை இல்லாததால மேடையே போட்டிக் களம். எதிராளி எந்தப் பாட்டை எடுப்பான், எந்தக் கேள்வியை வீசுவான்னு தெரியாது. அங்கியே பதில் குடுக்கணும். தடுமாறினா ஊரே சிரிக்கும்.

அந்தக் களத்துல நின்னு பேர் வாங்கினவங்கதான் இந்த அம்மா. மைக்கு இல்லாத காலத்துல.

இந்த மைக்கு விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. மைக்கே இல்லாம கடைசி வரிசை வரைக்கும் எப்படிக் கேட்கும்? போன ஞாயித்துக்கிழமை கம்பெனியில கொஞ்சம் பெண்டிங் வேலை. மகளையும் கூட்டிட்டுப் போனேன். தையல் ஃப்ளோர் காலியாக் கெடந்துது. அவளை இந்தக் கோடியில நிறுத்திட்டு நான் அந்தக் கோடிக்குப் போய், "பாடு கண்ணு"ன்னேன்.

(அவ மொறைச்ச மொறைப்பை இங்க எழுத முடியாது.)

பாடினா. கேட்டுது. எதிரொலியோட கேட்டுது. அட, இவ்வளவுதானான்னு நினைச்சேன். அப்ப வாட்ச்மேன் அண்ணன் வந்து ஓரமா இருந்த பெரிய ஃபேனைப் போட்டாரு. ஒரே ஒரு ஃபேன். அவ்வளவுதான், வாய் அசையறது மட்டும் தெரியுது. அடுத்து நான் பாடிப் பார்த்தேன். மூணாவது வரியில தொண்டை கட்டிக்கிச்சு. திங்கக்கிழமை முழுக்க சைகையிலயே க்யூசி பார்த்தேன்.

அந்தக் கால நாடகக் கொட்டகையில பீடிப் புகை, அழற கொழந்தை, கடலை விக்கற ஆளு, கொட்டாவி விடற தாத்தா, இவங்களையெல்லாம் தாண்டி விடிய விடியப் பாடணும்னா? அஞ்சு கட்டை சுருதி, அஞ்சு கட்டை சுருதின்னு அத்தை சொல்றப்பல்லாம் சும்மா தலையாட்டிட்டு இருந்தேன். இப்ப அர்த்தம் தெரியுது.

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

இலங்கைக்கு நாடகம் போடப் போனாங்க. அங்கதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோட ஜோடி சேர்ந்தாங்க. கிட்டப்பான்னா அப்ப நாடக உலகத்தோட சூப்பர் ஸ்டார். 'அந்தப் பொண்ணோட மேடை ஏறாதீங்க, உங்க பேர் அமுங்கிப் போயிடும்'னு அவரையே பயமுறுத்தினாங்களாம். அவர் கேட்கலை. ரெண்டு குரலும் ஒண்ணையொண்ணு துரத்தித் துரத்தி ஏறினதை ஜனங்க விடியற வரைக்கும் உட்கார்ந்து கேட்டிருக்காங்க. கல்யாணமும் ஆச்சு. அவருக்கு ஏற்கெனவே ஒரு சம்சாரம் உண்டு. சேர்ந்து வாழ்ந்தது கொஞ்சம், பிரிஞ்சு வாழ்ந்தது நெறையா. இவங்க அவருக்கு எழுதின கடுதாசிங்க இருக்கு. அதைப் பத்தி நான் எழுத மாட்டேன். இன்னொருத்தர் கடுதாசியைப் படிச்ச மாதிரி கூச்சமா இருக்கு. (படிச்சேன். அது வேற விஷயம்.)

1933 டிசம்பர் 2. கிட்டப்பா போயிட்டாரு. அவருக்கு 30கூட ஆகலை. இவங்களுக்கு 25.

25 வயசுங்க. எங்க ஃப்ளோர்ல மெஹந்தி போட்டுட்டு ரீல்ஸ் எடுக்கற புள்ளைங்க வயசு.

அன்னிக்குக் கட்டினதுதான் வெள்ளைச் சேலை. இனிமே எந்த ஆம்பளைக்கும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு ஒரு முடிவு. அன்னைய தேதிக்கு மேடையில பொம்பளை வேஷம்னாலே ஜோடி வேஷம்தான். ஜோடி வேண்டாம்னா வீட்டுல உட்காருன்னு அர்த்தம். கொஞ்ச நாள் அப்படித்தான் உட்கார்ந்தாங்க. தீரர் சத்தியமூர்த்தி மாதிரி ஆளுங்க வந்து, 'நாட்டுக்காகப் பாடும்மா'ன்னு கூப்பிட்டு காங்கிரஸ் மேடைக்கு இழுத்துட்டு வந்தாங்க.

அப்பத்தான் 'நந்தனார்' சினிமாவுக்குக் கேட்டு ஆள் வந்தாங்க. நடிக்க இஷ்டமில்லை. வந்தவங்களை எப்படித் துரத்தறதுன்னு யோசிச்சு ஒரு ரேட்டைச் சொன்னாங்களாம்.

ஒரு லட்சம் ரூபாய்.

(நம்ம ஊர்லயும் இந்த டெக்னிக் உண்டு. ஆர்டர் வேண்டாம்னா பீஸுக்கு இருபது ரூபா ஏத்திச் சொல்லுவோம். பார்ட்டி தானா ஓடிரும்.)

அந்தத் தயாரிப்பாளர் ஓடலைங்க. சரின்னுட்டாரு!

பவுன் 30 ரூபாய்க்குள்ள வித்த காலம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூவாயிரம் பவுனுக்கு மேல வருது. கால்குலேட்டர்ல தப்பா அடிச்சுட்டனோன்னு ரெண்டாவது தடவை போட்டேன். அப்பவும் அதேதான்.

சரி, சபதம் என்னாச்சு? அங்கதான் இருக்கு சூட்சுமம். அவங்க நடிச்சது நந்தனாராவே! ஆம்பளை வேஷம். ஆம்பளையே நான்தான்னா யாருக்கு ஜோடி? எதிர்ல வேதியரா நடிச்சது கர்நாடக சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1935ல படம் வந்துச்சு. கல்கி விமர்சனம் எழுதறப்ப, படத்துல நல்லா நடிச்சது எருமையும் பனைமரமும்தான்ங்கற மாதிரி வாரு வாருன்னு வாரிட்டார். (விமர்சகர்கள் எல்லாக் காலத்துலயும் இப்படித்தான் போல.) நானும் படத்தைத் தேடிப் பார்த்தேன், எனக்குக் கெடைச்சது பாட்டுங்க மட்டும்தான்.

மக கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கிளெண்டா ஜாக்சன் 2016ல லியர். நம்ம கொடுமுடி அம்மா 1935ல நந்தனார். நடுவுல 81 வருஷம்.

இதுக்கு மேல அவங்க எடுத்த வேஷங்களை வரிசையா வெச்சுப் பாருங்க. நான் ஒரு பழைய ஸ்பெக் ஷீட் பின்னாடி எழுதிப் பார்த்தேன். 1940 மணிமேகலை, துறவி. 1953 ஜெமினி ஸ்டுடியோ எடுத்த அவ்வையார், கிழவி. 1964 பூம்புகார்ல கவுந்தியடிகள், சமணத் துறவி. 1965 திருவிளையாடல்லயும் 1967 கந்தன் கருணையிலயும் மறுபடி அவ்வையார். 1973 காரைக்கால் அம்மையார்.

எங்கியாச்சும் ஜோடி இருக்கா? இல்லை.

வேற வேஷம் கெடைக்காம இவங்க கிழவி ஆகலைங்க. 25 வயசுல ஒரு கதவைத் தன் கையாலயே சாத்திட்டு, மிச்சமிருந்த சந்து வழியா நடந்தாங்க. அந்தச் சந்தையே ராஜபாட்டை ஆக்கிட்டாங்க. அவ்வையார் படம் வந்தப்ப அவங்களுக்கு 45 நடப்பு.

எனக்கும் இப்ப 45 நடப்புங்க. முந்தாநேத்துதான் கடையில நின்னு முடிக்கு எந்தக் கலர் டை போடலாம்னு யோசிச்சுட்டு இருந்தேன். அந்தம்மா அதே வயசுல தலையை முழுசா வெள்ளையாக்கிட்டு கேமரா முன்னாடி நின்னிருக்காங்க.

ஒப்புக்காத எதுக்கும் தலையாட்டற ஆளும் இல்லை போல. பூம்புகாருக்கு வசனம் கலைஞர். ஒரு பாட்டுல, தெய்வம் எங்க போய்த் தொலைஞ்சுதுன்னு கேக்கற மாதிரி ஒரு வரி இருந்துதாம். முருக பக்தை இவங்க. பாட மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் தெய்வம் வந்துருச்சுன்னு அர்த்தம் வர்ற மாதிரி வரியை மாத்திக் குடுத்த பிறகுதான் பாடினாங்கன்னு சொல்லுவாங்க. எழுதின ஆளும் லேசுப்பட்ட ஆளு இல்லை, மாட்டேன்னு சொன்ன ஆளும் லேசுப்பட்ட ஆளு இல்லை. மாத்தினாரு பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சுது.

எம்.பி. கதைக்கும் பதில் இருக்கு. ஐம்பதுகள்ல இவங்க சென்னை சட்ட மேலவை உறுப்பினர். சினிமாவுல இருந்து சட்டசபைப் படி ஏறின முதல் ஆளே இவங்கதான்னு சொல்லுவாங்க. நம்ம தமிழ்நாட்டுல! சினிமாக்காரங்க படி ஏறி ஏறிப் படியே தேஞ்சுபோன தமிழ்நாட்டுல, முதல் அடி வெள்ளைச் சேலை கட்டின ஒரு கொடுமுடி அம்மாவோடது.

'துணைவன்' படத்துல பாடினதுக்கு 1969க்கான தேசிய விருது, சிறந்த பின்னணிப் பாடகி. அப்ப வயசு 60 வாக்குல. அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. 1980ல காலமாயிட்டாங்க.

இவ்வளவையும் மூளையில ஏத்திக்கிட்டு, அந்த செக்கிங் தம்பிக்கு ஒரு பாடம் எடுக்கணும்னு முடிவு பண்ணினேன். க்யூசி ரத்தம்ங்க. தப்பைப் பார்த்தா ஸ்டிக்கர் ஒட்டாம விடாது.

நேத்து டீ பிரேக். கூப்பிட்டேன். "ஏந்தம்பி, அன்னிக்கு நீ கிண்டல் பண்ணினியே, அவங்க யாருன்னு தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சேன்.

"கே.பி.எஸ். அம்மாக்கா"ன்னான்.

"அது தெரியும். அவங்க சினிமாவுக்கு முன்னாடி..."

"ஸ்பெஷல் நாடகம். கிட்டப்பா ஜோடி."

நான் தயார் பண்ணி வெச்சிருந்த லெக்சர் அப்படியே தொண்டையில நின்னுபோச்சு.

அவன் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்க இன்னிக்கும் கோயில் திருவிழான்னா வள்ளி திருமணம் வெப்பாங்களாம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியறப்பத்தான் முடியும். வள்ளியும் நாரதரும் மணிக்கணக்காத் தர்க்கம் பண்ணுவாங்க. சின்ன வயசுல பாயைப் போட்டு முன்வரிசையில படுத்துட்டே பார்ப்பானாம். ஆர்மோனியக்காரர் இவன் தாத்தாவுக்குச் சிநேகிதம். பழைய இசைத்தட்டுப் பாட்டெல்லாம் அவர் வீட்டுலதான் கேட்டிருக்கான். நான் ஒரு வாரம் போனைத் தேய்ச்சுத் தெரிஞ்சுக்கிட்டது அவன் வீட்டுத் திண்ணையில கெடந்திருக்கு.

எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறுச்சு. "இவ்வளவு தெரிஞ்சுமா கிண்டல் பண்ணின? அவங்க குரல் என்ன அப்படியா நடுங்கும்?"

தம்பி டீ கிளாஸை வெச்சான். முகம் சுருங்கிப்போச்சு.

"நடுங்காதுக்கா. அவங்க குரல் எங்கயுமே நடுங்காது. அந்த வயசுலயும் கம்பி மாதிரி நிக்கும். நான் வீட்டுல ஒழுங்காத்தான் பாடிப் பார்த்தேன். அந்தக் கட்டை எனக்கு எட்டலை. எட்டலைன்னா அசிங்கமாப் போயிருமேன்னு..."

"போயிருமேன்னு?"

"நடுக்கிட்டேன்க்கா. நடுக்கினா சிரிச்சிருவாங்க. எட்டலைன்னு யாருக்கும் தெரியாது."

பிரேக் முடிஞ்சு பெல் அடிச்சுது. ஓவர்லாக் ஒவ்வொண்ணா ஓட ஆரம்பிச்சுது. அந்தச் சத்தத்துல அவன் அடுத்து என்னமோ சொன்னான், எனக்குக் கேட்கலை. வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது.